என் பெயரில் நீ பிடித்த பந்துகள்

மச்சான்,

இன்று காலை கடையில் ஒரு நல்லெண்ணெய்ப் போத்தல் விழுந்து உடைந்தது. பாரிஸில், ரூ பெர்தொனே தெருவில் நான் இன்னமும் அதே கடையில்தான் நிற்கிறேன். மேல்தட்டில் அடுக்கும்போது கை வழுக்கிவிட்டது. பழைய பேப்பரைப் போட்டுத் துடைக்கக் குனிந்தேன். எள்ளின் மணம் மூக்கில் ஏறியதும், உன் கையுறையின் தோல் மணமும் கூடவே வந்தது. கடையில் தோல் ஏது? மூளைதான் சேர்த்துக்கொண்டது.

பேஸ்போல் கையுறைக்கென்று தனி எண்ணெய் விற்கிறார்கள் என்று நம் பயிற்றுநர் மிசேல் எத்தனை தடவை சொல்லியிருப்பார்! நீ கேட்கவில்லை. சார்செல் புறநகரில் என் அறையின் கட்டிலில் சப்பாணி கட்டி இருந்து, நல்லெண்ணெயை விரலில் தொட்டுத் தொட்டு அந்தத் தோலில் தேய்ப்பாய். “தோசைக்கு நல்லதெண்டால் தோலுக்குக் கூடாதோ?” என்பாய். உன் தலையணைகூட அந்த மணம்தான் மணத்தது.

துடைத்து முடித்த பிறகும் நான் எழும்பவில்லை. வாடிக்கையாளர் ஒருவர், “அண்ணை, சுகமில்லையோ?” என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். உனக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை வரிசையாக நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டின் சித்திரை. உன் அம்மாவும் தம்பியும் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள். அவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. உனக்கோ அகதி வழக்கு நிராகரிக்கப்பட்டு, கையில் காலாவதியான ஒரு கடதாசி மட்டும். பகலில் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினாய். மற்ற நேரமெல்லாம் என் அறையில் தொலைபேசிக்கு முன்னால் இருந்தாய். சாப்பாட்டைப் போட்டு வைத்தால் அது அப்படியே காய்ந்து கிடக்கும். தொலைபேசி அடித்தால் எடுக்கப் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னை வலுக்கட்டாயமாக இழுத்துக்கொண்டு ரயிலேறிப் பக்கத்து ஊருக்குப் போனேன். மாடிக் குடியிருப்புகளுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் சிலர் மட்டையும் பந்துமாக நின்றார்கள். நீ கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாய். “இது எங்கடை எல்லே மாதிரியடா,” என்றாய். மூன்று கிழமைக்குப் பிறகு நீயாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் நாங்கள் விளையாடிய எல்லே இங்கே யாருக்குத் தெரியும்? மூங்கில் தடியால் டென்னிஸ் பந்தை அடித்துவிட்டு வட்டமாக ஓட வேண்டும். எதிரணிக்காரர் பந்தை வெறுங்கையால் அந்தரத்தில் பிடிக்கலாம், அல்லது ஓடுகிறவனின் உடம்பில் எறிந்து ஆட்டமிழக்கச் செய்யலாம். உன் பள்ளிக்கூடத்தோடு எங்களுக்கு ஆட்டம் என்றால், நீ நிற்கிற பக்கம் உயர்த்தி அடிக்காதே என்றுதான் எங்களுக்குச் சொல்லி அனுப்புவார்கள்.

வேலியைத் தாண்டி ஒரு பந்து வந்தது. நீ ஓடிப்போய் அதை ஒரு கையால் பிடித்தாய். அது டென்னிஸ் பந்து அல்ல, கல்லுப் போன்ற தோல் பந்து. உன் முகம் கோணியதை நான் மட்டும்தான் கண்டேன். பயிற்றுநர் மிசேல், ஓய்வுபெற்ற தபால்காரர், வேலியருகே வந்து உள்ளே கூப்பிட்டார். உன்னை வெளிக்களத்தில், எல்லோருக்கும் பின்னால், நடுவில் நிறுத்தினார். முதல் பந்து உருண்டு வந்தது. அதை எடுத்த நீ, பழைய ஞாபகத்தில், ஓடிக்கொண்டிருந்தவனின் முதுகில் குறிபார்த்து எறிந்துவிட்டாய். அவன் குப்புற விழுந்தான். மைதானமே உறைந்து நின்றது. ஓடித்தப்புவோமா என்று நான் வாசலைப் பார்த்தேன். மிசேல் மட்டும் நீ நின்ற இடத்தையும் அவன் விழுந்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அடுத்த முறை மனிதனுக்கு அல்ல, தளத்தில் நிற்கிற நம் ஆளுக்கு எறி,” என்றார்.

திரும்பும்போது ரயிலில் நீ சொன்னாய்: “பந்து மேலை நிக்கிற நேரம் மட்டும், மச்சான், தலைக்குள்ளை வேறை ஒண்டும் வரேல்லை.”

அதற்காகத்தான் செய்தேன். பயிற்சிக்கு யாரும் வரலாம். போட்டியில் இறங்குவதென்றால் விளையாட்டு லைசென்ஸ் வேண்டும், அதற்கு அடையாள அட்டை வேண்டும். என்னிடம் பத்து வருட வதிவிடக் கார்ட் இருந்தது. “என்ரை பேரிலை விளையாடு,” என்றேன். நீ வேண்டாம் என்றாய். “பிடிபட்டால் உன்ரை கார்ட்டும் போகும்.” “இவங்களுக்கு எங்கடை முகமெல்லாம் ஒண்டுதான்,” என்று சிரித்தேன். இரண்டு பேருக்கும் ஒரே உயரம், ஒரே மீசை. விண்ணப்பத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். யோகநாதன் என்ற என் பெயர் அவர்கள் வாயில் யோகா ஆனது. மிசேலுக்கு நீ யோகா, நான் யோகாவின் சகோதரன்.

அதன்பிறகு எங்களுக்கு ஞாயிறு நிம்மதியான நாளாக இருந்ததே இல்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் நடுவர் லைசென்ஸ்களை வாங்கி, படத்தையும் முகத்தையும் பார்ப்பார். சில பேர் பிறந்த திகதியும் கேட்பார்கள். ரயிலில் போகும்போது என் பிறந்த திகதி, ஊர், தகப்பன் பெயர் எல்லாவற்றையும் பிரெஞ்சில் உன்னைக்கொண்டு பாடமாக்குவிப்பேன். ஒருநாள் நடுவர் படத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தார். உன்னைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். “மெலிந்துவிட்டாய்,” என்று சொல்லி அவர் அட்டையைத் திருப்பித் தந்தார். பின்னாலிருந்து யாராவது “யோகா!” என்று கூப்பிட்டால் திரும்பாமல் நின்றுவிடுவாய். உனக்குக் காது மந்தம் என்று உன் அணிக்காரர் நினைத்துக்கொண்டார்கள்.

ஆனால் நீ விளையாடினாயே! மட்டையில் பந்து படும் சத்தத்திலேயே அது எங்கே விழும் என்று உனக்குத் தெரிந்துவிடும். மற்றவர்கள் பந்தைப் பார்த்துக்கொண்டு பின்னால் நடப்பார்கள். நீ பந்துக்கு முதுகைக் காட்டி ஓடுவாய். ஓடி நின்று திரும்பி, கையை நீட்டுவாய். பந்து வந்து இருக்கும். எதிரணிப் பயிற்றுநர்கள் “நடுவுக்கு அடிக்காதே” என்று கத்தத் தொடங்கினார்கள். பந்தயம் முடிந்து பேர் எழுதும்போதெல்லாம் ஏட்டில் ஏறியது யோகநாதன். சுற்றுவட்டாரக் கழகங்களில் என் பெயர் பிரபலமாகிக்கொண்டிருந்தது. நானோ கடையில் கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆவணி உனக்கு ஞாபகமிருக்கும். ஆட்டத்தின் நடுவில் என் கையிலிருந்த உன் தொலைபேசி அடித்தது. வவுனியாவில் இருந்த உன் மாமா. நான் கேட்டுவிட்டுக் கோட்டோரம் ஓடி வந்தேன். நீ என்னைக் கண்ட அதே கணத்தில் பந்து உயரே எழும்பியது. நீ என்னையும் பார்த்தாய், வானத்தையும் பார்த்தாய். ஓடினாய். பிடித்தாய். பந்தைக் கையுறையிலிருந்து எடுக்காமலே என்னிடம் வந்தாய்.

“சொல்லு.”

“அம்மா இருக்கிறா. முகாமிலை. கதைச்சவவாம்.”

“தம்பி?”

இல்லையென்று தலையாட்டினேன். நீ திரும்பி உன் இடத்துக்கு நடந்தாய். மிசேல் உன்னை வெளியே வரச்சொல்லிக் கை காட்டினார். நீ வரவில்லை. கடைசிப் பந்துவரை நின்றாய்.

இனி நான் சொல்ல வேண்டிய நாளுக்கு வருகிறேன். அடுத்த வருடம், புரட்டாதி மாதம். வென்றால் உங்கள் கழகம் மேல் பிரிவுக்குப் போகும். மைதானம் நிரம்பியிருந்தது. கடைசிச் சுற்றில் நீங்கள் ஒரு ஓட்டம் முன்னால். எதிரணியில் இரண்டு பேர் தளங்களில் நின்றார்கள். இன்னும் ஒரே ஒரு ஆளை ஆட்டமிழக்கச் செய்தால் போதும். அடித்தவன் பெரிய ஆள். சத்தம் கேட்டதுமே நீ திரும்பி ஓடத் தொடங்கினாய். அந்த மைதானத்தில் நடு வெளிக்களத்துக்குப் பின்னால் இரும்புக் கம்பத்தோடு வேலி இருந்தது உனக்குத் தெரியும். எத்தனை தரம் அதில் கை வைத்துக் காலடி அளந்திருப்பாய். ஆனாலும் அன்றைக்கு நீ காலடி எண்ணவில்லை.

கம்பத்தில் நீ மோதிய சத்தம் என் இடம்வரை கேட்டது. கீழே விழுந்து கிடந்தாய். கையுறைக்குள் பந்து இருந்தது. நடுவர் ஓடிவந்து, குனிந்து பார்த்து, கையை உயர்த்தினார். உன் அணிக்காரர் ஆர்ப்பரித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். கிட்ட வந்ததும் சத்தம் அப்படியே அடங்கியது. வேலியின் கூர் உன் தொடையைக் கிழித்திருந்தது. வெள்ளைக் காற்சட்டை முழுக்க இரத்தம். நீ கண் திறக்கவில்லை.

தீயணைப்புப் படையின் அம்புலன்ஸ் வந்தது. “பெயர்?” என்று கேட்டார்கள். மிசேல் “யோகநாதன்” என்றார். என்னைப் பார்த்தார். நான் என் பணப்பையைத் திறந்து என் மருத்துவ அட்டையைக் கொடுத்தேன். இந்த நாட்டில் அவசர சிகிச்சைக்கு விசா கேட்கமாட்டார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் கொடுத்தேன். மிசேல் பார்த்துக்கொண்டு நின்றார். கை தன்பாட்டில் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் தாதி ஒருத்தி கணினியில் என் பெயரைத் தேடி எடுத்தாள். என் குடல்வால் சத்திரசிகிச்சை விபரம் எல்லாம் அதில் இருந்தது. உன் வயிற்றைப் பார்த்திருந்தால் அங்கே தழும்பு இல்லை என்பது தெரிந்திருக்கும். காயம் ஆழம், மண் போயிருக்கிறது, உடனே மருந்து ஏற்ற வேண்டும் என்றாள். பிறகு கேட்டாள்:

“இவருக்கு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா? பெனிசிலின்?”

உனக்குப் பெனிசிலின் ஆகாது. சின்ன வயதில் ஒரு ஊசியோடு தொண்டை அடைத்துச் செத்துப் பிழைத்த கதையை நீ எனக்கு எத்தனை தரம் சொல்லியிருக்கிறாய். “எனக்கு என்னவும் நடந்தால் இதை மட்டும் மறந்திடாதை,” என்று சொல்லியும் வைத்திருந்தாய். நான் மறக்கவில்லை. தாதி கேட்ட உடனே ஞாபகம் வந்தது. அதே நேரம் வேறொன்றும் வந்தது. என் மனைவியை ஊரிலிருந்து கூப்பிடுவதற்கான பத்திரங்கள் அப்போது பிரெபெக்தூரில், விசா அலுவலகத்தில், இருந்தன. மூன்று வருடமாகக் காத்திருந்தாள். கணினியில் என் பெயருக்கு நேரே ஒவ்வாமை இல்லை என்று எழுதியிருந்தது. ஓம் என்று சொன்னால் தாதி திரும்பப் பார்ப்பாள், என் முகத்தைப் பார்ப்பாள், உன் முகத்தைப் பார்ப்பாள்.

“இல்லை,” என்றேன்.

இதுதான் மச்சான். இதைத்தான் உனக்கு நான் சொல்லவில்லை.

தாதி போனாள். நீ கட்டிலில் கண்மூடிக் கிடந்தாய். நான் வெளியே நடைபாதைக்கு வந்தேன். தண்ணீர் தரும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். மிசேல் வந்து தோளில் கை வைத்து, “உன் சகோதரன் பந்தை விடவில்லை, பார்த்தாயா?” என்றார். அவர் கண்ணெல்லாம் ஈரம். அந்தக் கதவின் சின்னக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். தாதி மருந்துப் பையைக் கம்பியில் கொழுவிக்கொண்டிருந்தாள். குழாயைச் சுண்டிக் காற்றை வெளியேற்றினாள்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. ஒரு நிமிடமா, மூன்றா. எனக்கு அது தெரிய வேண்டாம். கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். “நிறுத்துங்கள்! அது என் பெயர். அவன் பெயர் அது இல்லை. அவனுக்குப் பெனிசிலின் கூடாது!” குழாய் உன் கையிலிருந்த ஊசிவரை வந்துவிட்டது. குழாயின் பூட்டை இன்னும் திறக்கவில்லை. தாதி கையை எடுத்தாள். பையைக் கழற்றினாள். திட்டவில்லை. “அவருடைய உண்மையான பெயர் என்ன?” என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். எழுத்துக்கூட்டிச் சொன்னேன். கதவடியில் மிசேல் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு வந்த மாதங்களில் தபால்பெட்டியைத் திறக்கவே கை கூசும். பொலிஸ் வருமென்று காத்திருந்தேன், வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு சமூகப் பணியாளர் வந்து, உன் உண்மையான பெயரில் கோப்புத் திறந்தார். என்னை மருத்துவக் காப்புறுதி அலுவலகத்தில் கூப்பிட்டு எச்சரித்தார்கள். மனைவியின் பத்திரம் தப்பியது. மிசேல் தானாகவே லீக்குக்கு எழுதி உண்மையைச் சொன்னார். நீ விளையாடிய ஆட்டங்களின் வெற்றிகள் எல்லாம் அழிக்கப்பட்டன. மேல் பிரிவு போய்விட்டது. நீ கம்பத்தில் மோதிப் பிடித்த அந்தப் பந்து எந்த ஏட்டிலும் இல்லை. வாழ்க்கையில் ஒருதடவைகூடப் பேஸ்போல் மட்டையைத் தொடாத எனக்கு இரண்டு வருடம் விளையாடத் தடை. அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு, கட்டுப்போட்ட காலோடு நீ சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரி கூரையைத் தட்டினாள்.

அணிக்காரர் எல்லோரும் சிரிக்கவில்லை. பந்து எறிகிற லொரோன், நீ முதல்நாள் முதுகில் அடித்தாயே, அவன்தான், உன்னோடு ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் ஏழு வருடம் அந்தப் பிரிவேற்றத்துக்காகக் காத்திருந்தவன். ஆனாலும் உனக்காகப் பிரெபெக்தூருக்குக் கடிதங்கள் சேர்க்கத் தொடங்கியபோது முதல் கடிதம் அவனுடையதாக இருந்தது. மிசேல் அதை எனக்கு வாசித்துக் காட்டினார். “இவன் எங்களிடம் பொய் சொன்னான். இவனைப்போல் பந்துக்கு ஓடியவனை நான் கண்டதில்லை. இவனை அனுப்பிவிட வேண்டாம்.” அவ்வளவுதான் கடிதம்.

உன் பெயரில் கார்ட் கிடைக்க மூன்று வருடம் போனது. உன் பெயரிலேயே லைசென்ஸ் எடுத்து முதல் ஆட்டத்துக்கு இறங்கியபோது உனக்கு முப்பத்தெட்டு. கால் பழைய கால் இல்லை. நடுவர் பெயரை வாசித்ததும், சத்தமாக “ஓம்!” என்றாய், தமிழில். நான்கு வருடம் விளையாடினாய். ஏட்டில் அந்த நான்கு வருடம் மட்டும்தான் நீ. அதில் விசேஷமாக ஒன்றும் இல்லை. ஆனால் பழைய ஆட்களைக் கேட்டால், யாரும் அந்த நான்கு வருடத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

இப்போது அந்த இரும்புக் கம்பத்துக்கு நகரசபை தடித்த மெத்தை சுற்றியிருக்கிறது. வேலி முழுக்க. யாருக்காக என்று புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாது. நீ தொடங்கிவைத்த சின்னப் பிள்ளைகளுக்கான பயிற்சியில் முதல் அரைமணி நேரம் கையுறை இல்லை. டென்னிஸ் பந்துதான், வெறுங்கைதான். அதற்குப் பெயர் “லெல்லே”. பிரெஞ்சுக்காரர் எல்லேக்கு முன்னால் ஒரு எழுத்தைச் சேர்த்துவிட்டார்கள். என் மகளும் போகிறாள். நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில்தான் பதில் சொல்லுவாள். பந்துக்கு மட்டும் முதுகைக் காட்டி ஓடுகிறாள். நீ சொல்லிக்கொடுத்த பிள்ளைகளைப் பார்த்துப் பழகியிருக்கிறாள்.

நீ விளையாடிய அந்த நான்கு வருடத்துக்குப் பிறகு, இரண்டாயிரத்துப் பதினெட்டு. ஈரலில் வந்த வருத்தம், கண்டுபிடிக்கும்போதே பிந்திவிட்டது. ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்த அன்று பின்னேரம், ஒரு இளம் தாதி படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். ஒவ்வாமை ஏதாவது என்று கேட்டாள். “பெனிசிலின்,” என்று நீயே சொன்னாய். அவள் போனதும் என் பக்கம் திரும்பினாய்.

“அண்டைக்கு நீ முதல்லை இல்லையெண்டுதானே சொன்னனி?”

நான் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“நான் கேட்டுக்கொண்டுதான் கிடந்தனான். கண்ணைத் திறக்கப் பார்த்தன், ஏலேல்லை. வாயும் வரேல்லை. பிறகு நீ கத்திக்கொண்டு ஓடிவந்ததும் கேட்டது.”

“எட்டு வருசமாய் ஏன்ரா கேக்கேல்லை?” என்றேன்.

நீ ஜன்னலைப் பார்த்தாய். கோபமாக இருந்தாயா என்று உன் முகத்தில் தேடினேன். இல்லை. களைத்திருந்தாய், அவ்வளவுதான்.

“கேட்டிருந்தால், நீ பிறகும் என்னோடை ஒரே ரயிலிலை சார்செலுக்கு வந்திருப்பியே?”

நான் வாயைத் திறந்தேன். ஸ்கான் படம் எடுக்க உன்னைக் கொண்டுபோக ஆட்கள் கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அறையில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். மிசேல், லொரோன், உணவகத்துப் பொடியள். ஆறாம் நாள் நீ போய்விட்டாய்.

உன் கேள்விக்கான பதில் என்னிடம்தான் இருக்கிறது. வந்திருக்க மாட்டேன், மச்சான். முதலில் வேறு பெட்டியில் ஏறியிருப்பேன். பிறகு வேலை நேரத்தை மாற்றியிருப்பேன். பிறகு வேறு ஊரில் வீடு பார்த்திருப்பேன். உன் கல்யாணப் பேச்சு, என் மகளின் பிறந்தநாள்கள், ஞாயிற்றுக்கிழமைகள், ஒன்றும் இருந்திருக்காது. அது உனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே, ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து கார் து நோரில் ரயிலேறி எனக்குப் பக்கத்து இருக்கையில் வந்து இருந்தாய்.